இடைச்செருகலா, மூலபாடமா?

சைபீரியாவில், கிராஸ்னயார்ஸ்க் நகருக்குத் தெற்கேயுள்ள ஒரு மலையில், 1749ஆம் ஆண்டு யாகோவ் மெத்வெதேவ் என்னும் கொல்லர் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள இரும்புத் திரள் ஒன்றைக் கண்டார். தேனடைபோல் துளைபட்ட இரும்பு. துளைதோறும் மஞ்சள் கலந்த பச்சைப் படிகங்கள். அது வானினின்று வீழ்ந்தது என்று அங்கு வாழ்ந்த தாதாரியர் போற்றினர். 1772இல் அதனைக் கண்ட இயற்கையறிஞர் பீட்டர் சைமன் பல்லாஸ் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்தார். எரிமலையோ உலைக்களமோ ஆக்கியிருக்க இயலாத அவ்விரும்பு விண்ணினின்றே வந்திருத்தல் வேண்டும் என 1794இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி நூலெழுதினார். கற்றோர் பலர் ஏற்கவில்லை. 1803இல் பிரான்சின் லேகிள் ஊரில் கல்மழை பொழிந்த பின்னரே அவர்கள் வாயடங்கினர். கல்லாதார் சொல்லென்று தள்ளப்பட்டதே மெய்யாயிற்று.

பல்லாஸின் பெயரால் இவ்வகை விண்கல் இன்று பல்லசைட் எனப்படுகிறது. பச்சைப் படிகம் ஆலிவின். மக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிக்கேட். அதைச் சூழ்ந்திருப்பது இரும்பு-நிக்கல் உலோகம். நீரைப்போல் ஆலிவின் மூன்று மடங்கு கனம். உலோகமோ எட்டு மடங்கு. இரண்டும் உருகிக் கிடந்த காலத்தில் உலோகம் ஆழ்ந்திருக்க வேண்டும், ஆலிவின் மிதந்திருக்க வேண்டும். பிரியாமல் உறைந்தது எங்ஙனம்?

இலக்கியம் பயிற்றும் எனக்கு இக்கல்லின்மீது ஈடுபாடு வந்தது இக்கேள்வியால்தான். ஒரு பாடலில் பொருந்தாத அடியைக் கண்டால் பதிப்பாசிரியர் கேட்பதும் இதுவே: மூலபாடமா, இடைச்செருகலா?

சிறுகோள் ஒன்றின் உலோகக் கருவும் அதன்மேல் அமைந்த ஆலிவின் அடுக்கும் சந்திக்கும் எல்லையே பல்லசைட்டின் பிறப்பிடம் என்பது பழைய விளக்கம். அழகான விளக்கம், மாணவர் மனத்தில் உடனே பதியும். ஆனால் சான்றுகள் இடறுகின்றன. ஒரே கருவின் எல்லையாயின் எல்லாம் ஒரே வேகத்தில் குளிர்ந்திருக்க வேண்டும். பல்லசைட்டுகளின் வேகங்களோ வேறுபடுகின்றன. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இமிலாக், எஸ்குவெல் ஆகிய பல்லசைட்டுகளின் ஆலிவினுள் பழங்காந்தப் பதிவைக் கண்டது. காந்தப்புலம் எழக் கரு உருகிய நிலையில் இருக்க வேண்டும். கருவை ஒட்டியிருந்த பாறையோ, காந்தத்தைப் பதியுமளவு குளிர்வதற்குள் கருவே உறைந்துவிடும். ஆகவே அக்கற்கள் கருவுக்கு அப்பால், மேலடுக்கில் உறைந்தவை. வேறோர் உடல் மோதியபோது அதன் உருகிய இரும்பு ஆலிவினுள் பாய்ந்தது என்றனர் அவ்வாய்வாளர்.

கல்லும் இரும்பும் கலந்த மற்றொரு வகை மீசோசிடரைட். அதில் உலோகத்தோடு கலந்திருப்பது மேலோட்டுப் பாறையான பசால்ட்டும் அதன் இனமும். நடுவடுக்கின் ஆலிவின் மிகக் குறைவு. முதலேடும் கடையேடும் கிடைத்து இடையேடுகள் தொலைந்த சுவடி அது. அவ்வேடுகள் எங்கே போயின என்பதற்கு ஒருமித்த விடை இன்னும் இல்லை.

அழகிய பாடத்தையே மெய்ப்பாடமாகக் கொள்ளும் ஆசை பதிப்பாசிரியரை விடாது தொடர்வது. இவ்வாண்டு சுவடிப்பதிப்பு வகுப்பில், ஏட்டுப் படிகளோடு ஒரு பல்லசைட் துண்டின் படத்தையும் மாணவர்முன் வைக்க எண்ணியுள்ளேன்.