கடைவாய் ஓரம்

மார்கழி 4 (டிசம்பர் 19, 2025)

அமாவாசை. விடிவதற்கு முன்பே மேல்மலையனூர் பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டு போகின்றன. அம்மா காலையில் இட்லியை விண்டு வாயருகே கொண்டுபோனவள் அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். இரண்டு கடைவாயிலும் வெடிப்பு. வாயைச் சற்றுப் பெரிதாகத் திறந்தால் தோல் பிளந்து ரத்தம் கசிகிறது. கொட்டாவி வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மத்தியானம் ரசம்சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். மிளகுக் காரம் ஓரத்தில் பட்டதும் கண் கலங்கிவிட்டது. 78 வயது. இந்த வயதில் பசியோடு இருப்பவரைப் பார்த்துக்கொண்டு நாம் சாப்பிட முடியாது.

"எல்லாம் சூடுதான். மணத்தக்காளி கடைஞ்சு குடு" என்றாள். கடைந்து கொடுத்தேன். தேங்காய்ப்பால் விட்டதால் எரிச்சலில்லாமல் இறங்கியது. இரவு படுக்கும்போது பசுநெய்யைத் தொட்டு ஓரங்களில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் தணிந்தது என்றாள். நெய் புண்ணை ஆற்றுகிறதோ இல்லையோ, எச்சில் தோலைத் தொடாமல் தடுக்கிறது. அந்த மட்டில் நம் பாட்டிமார் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். வாசலினும் செய்வது இதே வேலைதான்.

மார்கழி 8

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது அக்கிம்மா, குயவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் எழுதிடு" என்றார். சின்ன வயதில் எனக்கும் எழுதியிருக்கிறார்கள். காவிமண்ணைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் வரைவார்கள். மண்ணின் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அம்மாவுக்கு வந்திருப்பது அக்கி இல்லை. உதட்டில் வரும் அக்கிக்கு அடையாளம் வேறு. முதலில் ஓரிடத்தில் சுருசுருவென்று இருக்கும், பிறகு நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும், உடைந்து பொருக்குக் கட்டும். அது வைரஸ். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். பத்து நாளில் தானாகவே அடங்கும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அடங்குவதால்தான் எழுதியவருக்குப் பெயர் வந்தது என்று நினைக்கிறேன். அம்மாவுக்குக் கொப்புளமே இல்லை. இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி வெடிப்பு, சுற்றிலும் சிவப்பு, நடுவில் வெளுத்து ஊறிய தோல். காய்ந்து வெடித்தது போலத் தெரிகிறது. உண்மையில் ஊறி வெடித்தது.

அக்கா போகும்போது ஒரு களிம்பின் பெயரையும் சொன்னார். கேட்டதும் பயந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், வாயைச் சுற்றி அரிப்பென்று கடையில் கேட்டு வாங்கிய அதே களிம்பை ஆறு மாதம் பூசினாள். பூசினால் இரண்டே நாளில் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பொரிப்பொரியாக வரும். கடைசியில் தோல் மெலிந்து, வாயைச் சுற்றிச் சிவந்தே போய்விட்டது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. இப்படிப்பட்ட களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை மாற்றியது. அப்படியும் 'அந்த டியூப்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் குறையவில்லை. முகத்துக்கு, அதிலும் வாயோரத்துக்கு, மருத்துவர் சொல்லாமல் அதைப் பூசாதீர்கள்.

மார்கழி 10

அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி வந்திருக்கிறாள். ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டம் கூடியிருக்கிறது. அவளுக்கும் ராஜகிரி ஏறியாக வேண்டும். ஏறக்குறைய 800 அடி. பாதி வழியில் உட்கார்ந்தோம். பனிக்காலத்து உலர்ந்த காற்று பாறையோடு உரசிக்கொண்டு வருகிறது. அப்போதுதான் கவனித்தேன், நிமிடத்துக்கு ஒருமுறை நாக்கை நீட்டி உதட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறாள். நாக்கு எட்டுகிற தூரம்வரை, மீசை வரைந்தது போல, கறுத்துச் சொரசொரவென்று ஒரு வளையம்.

"ஆயா, காய்ஞ்சு போச்சின்னா நக்கினா நல்லா இருக்கு" என்றாள். நல்லாத்தான் இருக்கும், ஒரு நிமிடத்துக்கு. எச்சில் ஆவியாகும்போது தோலில் இருந்த ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. சோற்றைச் செரிக்க வைக்கிற பொருள்கள் எச்சிலில் இருக்கின்றன. அவை தோலையும் அரிக்கும். காய, நக்க, இன்னும் காய. இவளுக்கு வேண்டியது களிம்பு இல்லை, நாக்கு வெளியே வராமல் இருப்பதுதான். பையிலிருந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் திறந்து தடவிவிட்டேன். நக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர், பிறகு எண்ணெய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். திட்டக் கூடாது, திட்டினால் பதற்றத்தில் இன்னும் நக்குவாள்.

இறங்கி வந்து களஞ்சியத்துக்குள் நின்றோம். பெரிய கல் கட்டடம், முற்றுகைக்கு நெல் சேர்த்த இடம். மராட்டிய அரசர் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே கிடந்த கதையைப் பேத்திக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் வேறு பக்கம் போனது. எட்டு வருஷம் நெல்லை மட்டும் நம்பி இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்களின் வாய் எப்படி இருந்திருக்கும்?

மார்கழி 13

அந்தக் கேள்விக்கு விடை நம் மாநிலத்துக் குன்னூரிலேயே இருக்கிறது. 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. மெக்கரிசனுக்குப் பிறகு 1935-இல் பொறுப்பேற்ற அக்ராய்டு, கிருஷ்ணன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1936-இல் எழுதிய கட்டுரை இந்தக் கடைவாய்ப் புண்ணைப் பற்றியதே. காரணம் பி2 வைட்டமின் பற்றாக்குறை என்றார்கள். அரிசியில் அந்தச் சத்து குறைவு. தீட்டினால் இன்னும் குறைவு. பால், தயிர், மோர், முட்டை, ஈரல், கீரை இவற்றில் அதிகம் உண்டு. சோறும் ஊறுகாயுமாகப் பொழுதைக் கழிக்கிற வீட்டில் பிள்ளைகளின் கடைவாய் வெடிப்பதற்குச் 'சூடு' என்று பெயர் வைத்துவிட்டோம். மோர் குடித்தால் சூடு தணியும் என்றார்களே, அதில் மோரும் உண்மை, தணிந்ததும் உண்மை. காரணம் மட்டும் வேறு. நம் பள்ளிகளில் சத்துணவோடு தருகிற முட்டையை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். முட்டை வேண்டாம் என்று ஒதுக்குகிற பிள்ளைக்கு வீட்டில் பாலோ தயிரோ கட்டாயம் தர வேண்டும்.

இரும்புச்சத்து குறைந்தாலும் இதே வெடிப்பு வரும். ஃபோலிக் அமிலம், பி12, துத்தநாகம் குறைந்தாலும் வரும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வரும்; வந்தால் எளிதில் ஆறாது.

அம்மாவுக்குத் தினமும் மோர் உண்டு, கீரை உண்டு. பிறகு ஏன்?

மார்கழி 18

பல் மருத்துவர் அம்மாவின் வாயைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்த்தார். வாயை மூடச் சொன்னார். மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே இருக்கிற தூரம் குறைந்திருக்கிறது என்று காட்டினார். 11 வருஷத்துப் பல்செட்டு. தேய்ந்து குட்டையாகி, ஈறும் கரைந்துவிட்டதால் வாயை மூடும்போது கன்னம் உள்ளே இறங்கி, இரண்டு ஓரத்திலும் ஒரு மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பில் இரவெல்லாம் எச்சில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் பூஞ்சை குடியேறுகிறது. அம்மா பல்செட்டைப் போட்டுக்கொண்டேதான் தூங்குவாள். பல்லில்லாமல் யார் கண்ணிலும் படக் கூடாது என்கிற எண்ணம் அவளுக்கு. அப்பா இறந்தபிறகும் அதை விடவில்லை. பல்செட்டின் உள்பக்கத்தில்தான் பூஞ்சையின் கூடு என்றார் மருத்துவர். ஓரத்தில் எதைப் பூசினாலும் மறுநாள் உள்ளேயிருந்து வந்துவிடும்.

பத்து வருஷமாக அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒருநாள்கூட அந்தப் பல்செட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: குளோட்ரிமசோல் களிம்பு, காலையும் இரவும் மெல்லிசாக, இரண்டு வாரம். ராத்திரி பல்செட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.4, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை நிறுத்தச் சொன்னார். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் டீ தடுக்கிறது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதையும் நிறுத்தச் சொன்னார். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு வாயிலோ உதட்டிலோ ஒரு புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், அது வலிக்காவிட்டாலும், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்றார். குழந்தைகளுக்குத் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது ஒட்டுகிற புண், துண்டைத் தனியாக வைத்து உடனே காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

தை 2

நேற்றுப் பொங்கல். பேத்தியின் வளையம் மங்கிவிட்டது; ஊருக்குப் போகும்போது எண்ணெய்ப் புட்டியைக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். அம்மாவின் வெடிப்பு ஐந்தாம் நாளே மூடத் தொடங்கியது. இரண்டு வாரம் நேற்று முடிந்தது, ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். புதுப் பல்செட்டுக்கு அளவு எடுத்தாகிவிட்டது. பொங்கலில் முந்திரியைத் தேடி எடுத்து, வாயை நன்றாகத் திறந்து சாப்பிட்டாள். மல்லாட்டை உருண்டைதான் இன்னும் முடியவில்லை, புதுப் பல் வரட்டும் என்றிருக்கிறாள்.

இரவில் பல்செட்டைக் கழற்ற அவள் சம்மதித்தது சுலபமாக இல்லை. விளக்கை அணைத்தபிறகு கழற்றிக் கொடுக்கிறாள். நான் இருட்டிலேயே வாங்கிக்கொண்டுபோய், பின்கட்டில் தேய்த்து, எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு மூடி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் பல்செட்டு போட்டிருந்தால் இன்று இரவு கேட்டு வாங்கிப் பாருங்கள்.