லிங்க் அனுப்பினால் போதுமா?

வீட்டுக்கு வீடு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. அதில் காலை வணக்கம், ரோஜாப்பூ, ராசிபலன் இவற்றுக்கு நடுவே வாரம் ஒரு வீடியோவாவது வந்து விழும். "60 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே செய்யும் 5 பயிற்சிகள்" என்று தலைப்பு இருக்கும். அனுப்புவது பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் மகன், மகள், இல்லாவிட்டால் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் பேரன். கீழே "அப்பா, இதைத் தினமும் பண்ணுங்க" என்று ஒரு வரி. அப்பா பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

அன்றைக்கு அந்த வீட்டில் அசைந்த உறுப்பு அந்த ஒரு கட்டைவிரல்தான் :-)

சிரிப்பு இருக்கட்டும், விஷயம் கொஞ்சம் சீரியஸானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் மட்டும் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அப்படி இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். பாத்ரூமில் வழுக்குவது, ராத்திரி எழுந்து போகும்போது தடுமாறுவது... இப்படி ரொம்பச் சாதாரணமாக ஆரம்பிக்கும். இடுப்பு எலும்பு உடைந்தால் ஆபரேஷன், படுக்கை, அப்புறம் யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்க வேண்டிய நிலைமை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே 'தேய்மானம்' சொல்லிக் கொடுப்பார்கள். மெஷின் ஓட ஓடத் தேயும். உடம்பின் கணக்கு தலைகீழ். ஓட்டாமல் வைத்திருந்தால்தான் வேகமாகத் தேயும். 1990ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரியாக 90 வயதான பத்துப் பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எட்டு வாரம் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி. ஒருவர் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. 90 வயதில்! ஆனால் பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் அந்தப் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 'இந்த வயசுக்கு மேல என்ன' என்ற பேச்சும் தப்பு, 'ஒரு மாசம் பண்ணியாச்சு, போதும்' என்ற பேச்சும் தப்பு.

சரி, அப்படியானால் பெரியவர்கள் ஏன் வீடியோவைப் பார்த்துச் செய்வதில்லை? சோம்பேறித்தனமா?

திருச்சி உறையூரில் ஒரு தாத்தா. வயது 76. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் டீக்கடைக்கு நடந்துபோய், பேப்பர் படித்து, நாலு பேரோடு அரசியல் பேசிவிட்டு வருவார். ஒரு மழைக்காலத்தில் வாசல்படியில் கால் தடுமாறியது. கதவைப் பிடித்துக்கொண்டார். அடி எதுவும் படவில்லை. ஆனால் மறுநாள் டீக்கடைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பேப்பர் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. நாலு மாதத்தில் சோபாவிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டியதாகிவிட்டது. விழாமலேயே ஆளைப் படுக்க வைத்துவிடும் பயம் இது.

மஸ்கட்டில் இருக்கும் மகன் சும்மா இருப்பாரா? வீடியோ மேல் வீடியோவாக அனுப்பினார். ஒன்றில் கட்டுமஸ்தான ஒரு பையன் குதித்துக் குதித்து இங்கிலீஷில் பேசுகிறான். இன்னொன்றில் தரையில் படுக்கச் சொல்கிறார்கள். படுத்துவிடலாம், எழுப்பி விடுவது யார்? போனில் கேட்டால் தாத்தா "பண்ணிக்கிட்டுத்தாம்பா இருக்கேன்" என்று முடித்துவிடுவார்.

ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பேத்திதான் பிடித்தாள். "எங்க தாத்தா, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க." தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "அந்தப் பையன் பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கு ஒண்ணுகூட முடியல கண்ணு. அதான் மூடி வெச்சுட்டேன்."

சோம்பேறித்தனம் எங்கேயும் இல்லை. வாழ்நாள் முழுக்க யார் கையையும் எதிர்பார்க்காமல் நின்றவருக்கு, ஒரு மொபைல் திரைக்கு முன்னால் தோற்றுப்போவது அவமானமாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பேத்தி லிங்க் எதுவும் அனுப்பவில்லை. ஒரு பிசியோதெரபிஸ்ட் தமிழில் பேசும் பத்து நிமிட வீடியோவைத் தேடி எடுத்தாள். முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டும் செய்கிற பயிற்சிகள். யூடியூபில் வேகத்தை 0.75 என்று குறைத்து டிவியில் போட்டாள். காலை காபி முடிந்ததும் ஏழு மணிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவளும் செய்தாள். முதல் நாள் தாத்தா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தது நாலு முறை. அவரே ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துக் கோடு போட்டு, தேதி, எண்ணிக்கை, கை ஊன்றியது, ஊன்றாதது என்று எழுத ஆரம்பித்துவிட்டார். கணக்குப்பிள்ளை இல்லையா!

லீவு முடிந்து அவள் போனபிறகும் ஏழு மணிக்கு வீடியோ கால் வரும். அங்கே ஹாஸ்டல் ரூமில் அவள், இங்கே தாத்தா. கீரை ஆய்ந்துகொண்டே வேடிக்கை பார்த்த பாட்டியும் ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டார். நடுவில் தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் நோட்டு காலி. அதற்கு முன் ஒன்பது என்று இருந்தது, மறுபடி ஆரம்பித்தபோது ஆறு. பாஸ்டன் கணக்கு உறையூருக்கும் பொருந்துகிறது. அரை வருடம் கழித்துக் கை ஊன்றாமல் பதினொன்று. கைத்தடியோடுதான், ஆனாலும் டீக்கடைக்குத் திரும்பப் போய்விட்டார்.

வீட்டுக்குள் இருப்பவர்களைத் தூரத்திலிருந்து அசைக்கப் பார்ப்பது புது யோசனை இல்லை. இதை ஆரம்பித்து வைத்ததில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பங்கு உண்டு என்பது தெரியுமா? 1920களில் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனி காலையில் ரேடியோ வழியாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தது. பாலிசி எடுத்தவர் நீண்ட நாள் வாழ்ந்தால் பிரீமியம் தொடர்ந்து வரும், க்ளெய்ம் தள்ளிப்போகும். நல்ல வியாபார மூளை! அதைப் பார்த்து ஜப்பான் தபால் துறையின் இன்சூரன்ஸ் பிரிவு முன்னின்று, 1928 நவம்பர் 1 அன்று அங்கேயும் 'ரேடியோ தைசோ' தொடங்கியது. போருக்குப் பிறகு கொஞ்ச காலம் நின்று, 1951ல் புது வடிவத்தில் திரும்பி வந்தது. இன்றும் காலை 6:30 மணிக்கு என்.எச்.கே. ரேடியோவில் பியானோ சத்தம் கேட்கும், பூங்காவில் பெரியவர்கள் சேர்ந்து கையை வீசுவார்கள். அதே நேரம், அதே பாட்டு, பக்கத்தில் தெரிந்த முகங்கள். தாத்தா வீட்டில் நடந்ததும் இதே மூன்றுதானே?

பொறுமை வேண்டும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 503 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் டேப்லெட் வழியாக வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். 'ஸ்டாண்டிங்டால்' என்று பெயர். 2021ல் முடிவு வந்தது. முதல் வருடம் விழுவதில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு வருடக் கணக்கைப் பார்த்தபோது, பயிற்சி செய்த பிரிவில் விழுவது 16 சதவீதமும், காயம் படும்படி விழுவது 20 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரே வருடத்தில் 'பிரயோஜனம் இல்லை' என்று நிறுத்தியிருந்தால் இந்த லாபம் கணக்கிலேயே வந்திருக்காது.

ஆனால் வீடியோவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதில் இருப்பவருக்கு எதிரில் இருப்பவரைத் தெரியாது. தாத்தா ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் அவர் சிரித்துக்கொண்டே "வெரி குட்" என்றுதான் சொல்வார். அதனால் வீட்டில் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. இதய நோய், சமீபத்திய ஆபரேஷன், அடிக்கடி தலைசுற்றல் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். செய்யும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

2. கால் அகன்று வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும், சக்கரம் வைத்த நாற்காலியும் வேண்டாம். கனமான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். தரை ஈரமாக இருக்கக் கூடாது.

3. பத்து வீடியோ வேண்டாம், ஒன்று போதும். புரிகிற மொழி, மெதுவான வேகம், பெரிய திரை. 'ஆட்டோபிளே'யை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அது முடிந்ததும் குதிக்கிற பையன் வந்துவிடுவான்!

4. முதல் சில வாரங்கள் யாராவது ஒருவர் கூடவே செய்ய வேண்டும். தூரத்தில் இருப்பவர்களுக்கு வீடியோ கால் இருக்கிறது.

5. சுலபமாகிவிட்டால் கொஞ்சம் கடினமாக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும், அதோடு வாரம் 150 நிமிடமாவது வேக நடை போல ஏதாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு. அதை எட்ட முடியாதவர்களுக்கும், சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்று அதே நிறுவனம் சொல்கிறது.

ஃபார்வர்டு செய்ய மூன்று செகண்ட் போதும், கூட உட்கார்ந்து செய்யப் பத்து நிமிடம் வேண்டும். பெரியவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான், வீடியோ இல்லை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது "நான் அனுப்பின வீடியோவைப் பார்த்தீங்களா?" என்று கேட்காதீர்கள் நண்பர்களே. "நாற்காலியை எங்க போடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.