அட்வான்சு கழியட்டும்

அம்மாச்சி வீட்டில் பழைய காலண்டரைக் கழற்றி எறிகிற வழக்கம் கிடையாது. வருஷம் முடிந்ததும் தேதித்தாளை மட்டும் பிய்த்துவிடுவார்கள்; சாமி படம் ஆணியிலேயே இருக்கும். இப்படியே முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் நெருக்கியடித்துக்கொண்டு சுவர் முழுக்க நின்றார்கள். எல்லாம் சிவகாசி அச்சு. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் வரைந்தவர் பேர் இருக்கும். அதை எனக்குப் படித்துக் காட்டியவள் சித்தி. "இது கொண்டையராஜு போட்டதுடா. இது அவரு சிஷ்யரு. மயிலு கழுத்தப் பாரு, வித்தியாசம் தெரியுதா?" எனக்கு ஒன்றும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிவைப்பேன்.

அது 1981, முழுப்பரீட்சை லீவு. ஊர், சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமம். எனக்கு எட்டு வயது. அம்மாவின் கடைசித் தங்கையான சித்திக்குப் பதிமூன்று. அக்கா என்று கூப்பிட வேண்டிய வயசுதான். முறையை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர் கொண்டையராஜு. கோவில்பட்டியிலேயே தங்கி, சீடர்களை உருவாக்கி, 1976இல் காலமானார். தாத்தா பருத்தி போட அந்த ஊருக்குப் போய்வந்தால், "அவரு இருந்த வீட்டப் பாத்தீகளாய்யா?" என்று சித்தி பின்னாலேயே திரிவாள். தாத்தா பார்த்திருக்க மாட்டார். பருத்தி என்ன விலைக்குப் போனது என்பதைத்தான் பார்த்திருப்பார். அந்தச் சீடர்களில் பேர் தெரிந்தவர்கள் எல்லோருமே ஆண்கள் என்பது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆர்ட்டிஸ்ட் ஆகணும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. டிராயிங் டீச்சர் என்றுதான் சொல்வாள். அடுத்தவர் வெட்டுவதற்கு முன்னால் தானே கொஞ்சம் கத்தரித்து வைத்துக்கொண்டாள் போல.

வண்ணம் வாங்கக் காசு ஏது? பச்சைக்குக் கோவை இலை, சிவப்புக்குச் செங்கல் பொடி, கறுப்புக்கு அடுப்புக்கரி. நீலத்துக்குத்தான் தகராறு. தீப்பெட்டி ஒட்டுகிற மைதாப் பசையில், பூச்சியும் எலியும் அண்டாமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அதில் ஒரு கட்டியை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கரைத்து, வெள்ளையடித்த பின்சுவரில் முருகனுக்கு மயில் வரைந்துவிட்டாள். "விசத்தப் போயி கையில அள்ளுதியே, பாவி மட்ட!" என்று அம்மாச்சி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். வந்தவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மயில் நன்றாகத்தான் இருந்தது. அடி விழுந்ததென்னவோ நிஜம். ஆனால் சுவரை யாரும் அழிக்கவில்லை.

ஊரே தீப்பெட்டி ஒட்டியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த கதையைத் தாத்தா ஏதோ சொந்தக்காரர் கதை மாதிரிச் சொல்வார். மழையை நம்பி ஏமாந்த மண்ணுக்கு அந்தத் தொழில்தான் கஞ்சி ஊற்றியது, அதை மறுக்க முடியாது. திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மரச்சீவலை மடித்து நீலத்தாள் சுற்றி அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் செய்வார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலியெல்லாம் குரோஸ் கணக்குதான். கைகள் பாட்டுக்கு ஓடும், வாய் ஊர்வம்பு பேசும். அந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். வேலை செய்யாதவனுக்குப் பிடிக்கத்தான் செய்யும்.

லீவு நாளானால் சித்தி விடிவதற்கு முன்பே எழுந்து தீப்பெட்டியாபீஸ் பஸ்ஸில் குச்சி அடுக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் சாயங்காலம் திண்ணையில் பெட்டி ஒட்டுவாள்.

ஒருநாள் டிராயிங் வாத்தியார் சைக்கிளில் வந்தார். தாத்தா துண்டை உதறிக் கட்டிலில் விரித்து உட்காரவைத்தார். பிள்ளைக்குக் கை நன்றாக வருகிறது, ஒன்பதாவது சேருங்கள், ஓவியத்தில் லோயர் பரீட்சை எழுதட்டும், அப்புறம் ஹையர், அப்புறம் டீச்சர் டிரெய்னிங், கவர்மெண்ட் வேலை என்று படிப்படியாகச் சொன்னார். தாத்தா ஒன்றுக்கும் மறுப்பு சொல்லவில்லை. "நல்லா வரட்டும் சார், எனக்கும் ஆசதான்" என்றார். பிறகு, "தீப்பெட்டி ஏஜெண்டுகிட்ட இவ கூலிமேல அட்வான்சு வாங்கியிருக்கேன். அது கழியட்டும் சார்."

"எதுக்கு வாங்குனது?"

"பேரன் காதுகுத்துக்கு. மாமன் சீர் செய்யணும்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் காதுகுத்து எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேளம், கிடாக்கறி, மாமா மடி, புதுக் கடுக்கன், வாயில் திணித்த சீனி மிட்டாய். தூணோரம் நின்ற அம்மா ஒன்றும் பேசாமல் திண்ணைக்குப் போய், மரச்சீவல் கட்டை அவிழ்த்து ஒட்ட உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பசையில் கை வைத்ததே இல்லை. விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சித்திதான், "நீ ஒட்டுனா கோணலா இருக்குக்கா, தள்ளு" என்று பிடுங்கினாள்.

அந்த ஆடியில் சித்தி பெரியவளானாள். ஹைஸ்கூலுக்கு மூன்று மைல், காட்டுப்பாதையில் தனியாக நடக்க வேண்டும். வேண்டாம் என்றாள் அம்மாச்சி. ஆனால் இருட்டோடு வருகிற ஆபீஸ் பஸ்ஸுக்குத் தடையில்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் துணைக்கு இருந்தார்கள். அம்மாச்சி சொன்ன காரணத்தில் நானும் இன்றுவரை ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. அந்த வீட்டில் எல்லாக் காரணமும் இப்படித்தான் இருந்தது, சண்டை போட இடம் இல்லாமல். வில்லன் என்று ஒருவர் இருந்திருந்தால் அவரை எதிர்த்து ஓடிப்போயாவது இருக்கலாம். பேரன் காதுகுத்தை எதிர்த்து யார் ஓடிப்போவது?

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழிலில் பதினாலு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. ஆக, திண்ணை வட்டம் கலையவில்லை. சித்தி அதற்குள் பதினெட்டைத் தொட்டிருந்தாள். அடுத்த தையில் கல்யாணம்.

போன பொங்கலுக்குப் பார்க்கப் போனபோது பேச்சுவாக்கில் கேட்டேன். "அந்த அட்வான்சு எப்ப சித்தி கழிஞ்சது?"

"அது ரெண்டு வருசத்துல கழிஞ்சிருச்சேடா."

"பெறகு பரீட்சை எழுதியிருக்கலாமே?"

"எங்க எழுத? உங்க மாமா சைக்கிள் கட வைக்கணும்னு அய்யா மறுபடி வாங்கிட்டாக."