எத்தனை வாட் போதும்?

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்க எல்லாரும் கடைசியா யோசிக்கிற சாமான் ஒண்ணு இருக்கு. எஸ்.எம்.பி.எஸ். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம் எல்லாத்துக்கும் வாரக்கணக்கில் விலை விசாரிப்போம். "கேபினெட்டோட ஒரு எஸ்.எம்.பி.எஸ். வருதே, அது போதும்" என்று இதை மட்டும் விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன். அதனால் பட்டதையும் கற்றதையும் எழுதி வைக்கிறேன். யாராவது ஒருத்தர் தப்பித்தால் சந்தோஷம்.

கடைசி வருஷ பிராஜெக்ட், தமிழ்க் கையெழுத்தைக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். லேப்டாப்பில் ஓட்டினால் நாள் கணக்கில் ஆகிறது. அப்பாவிடம் கேட்டேன். அவர் திருமங்கலத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். காப்பர் கம்பி வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தார். "ஒரு தடவைதான்டா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கியது ஐ5-12400எஃப் பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு. கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அண்ணனின் பழைய பெட்டியில் இருந்தவை. எஸ்.எம்.பி.எஸ். மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. புது கார்டுக்கான ஒயர் அதில் இல்லை, கன்வெர்ட்டர் ஒயர் ஒன்று வாங்கிச் சொருகினேன். விண்டோஸ் ஏறியது, படம் பார்த்தேன், எல்லாம் ஜோர். ராத்திரி பிராஜெக்டை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகி சும்மா நிற்கிறது. மறுநாளும் அதே கதை. மூன்றாவது நாள் கன்வெர்ட்டர் ஒயரில் கருகின வாசனை.

கார்டு போயிருந்தால் காப்பர் கம்பிக் காசு போயிருக்கும். நல்ல வேளை, போகவில்லை. அப்போதுதான் அந்த லேபிளில் இருந்த சின்ன எழுத்தை முதல் தடவையாகப் படித்தேன்.

லேபிளில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்ப்ஸ் என்று. என்னுடையதில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்ப்ஸ். பெருக்கினால் 180 வாட். அவ்வளவுதான்! மீதி எல்லாம் மற்ற வோல்ட்டுகளின் கணக்கு. பழைய காலத்தில் பிராசசருக்கே 5 வோல்ட்டில் இருந்துதான் கரண்ட் போனது. பென்டியம் 4 வந்த 2000-ம் வருஷத்தில் பிராசசருக்கென்று தனி 12 வோல்ட் ஒயர் வந்தது. இன்றைக்குப் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது முழுக்க 12 வோல்ட்தான். அதனால் பார்க்க வேண்டியது மொத்த வாட்டை அல்ல, இந்த வரியை.

இப்போது என் பக்கத் தேவை. பிராசசர் முழு வேகத்தில் 117 வாட் (பெட்டியில் போட்டிருக்கும் 65 என்பது அடிப்படை வேகத்துக்கானது, ஏமாந்துவிடாதீர்கள்). கார்டு 170. போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50. மொத்தம் 337 வாட். 180 வாட் தருகிற மாட்டை 337 வாட் வண்டியில் பூட்டியிருக்கிறேன் :-)

"அப்ப 350 வாட் போதுமேப்பா" என்று அப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். அவர் சிரித்தார். "5 எச்.பி. மோட்டாருக்கு ஓடும்போது இழுக்கிற ஆம்ப்ஸை மட்டும் பார்த்து ஒயர் போட்டா என்ன ஆகும்? ஸ்டார்ட் ஆகும்போது அஞ்சாறு மடங்கு இழுக்குமே" என்றார். தேடிப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். அஞ்சாறு மடங்கு இல்லை, ஆனால் கண் இமைக்கிறதுக்குள் எழுதியிருப்பதைத் தாண்டி ஏறி இறங்கும். ராத்திரி நடந்த ரீஸ்டார்ட்டுக்கு அர்த்தம் புரிந்தது. கார்டு கம்பெனியே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறது.

அது ஊர் உலகத்துக்கான கணக்கு. நம்ம ஊருக்கு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று வெயில். மே மாதம் மதுரையில் 40 டிகிரி சாதாரணம். மொட்டைமாடிக்குக் கீழ் ரூம் என்றால் கேட்கவே வேண்டாம். சூடு ஏற ஏற எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தெம்பு குறையும். எத்தனை டிகிரியில் முழு வாட் தரும் என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு, லோ வோல்டேஜ். லேபிளில் 100-240 வோல்ட் என்று இருந்தால் சாயங்காலம் 180-க்கு இறங்கினாலும் சமாளிக்கும்.

550 வாட் பிரான்ஸ் ஒன்று வாங்கிப் போட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்திவிட்டு ஆஃப் ஆனது!

2012-ல் சென்னைக்குத் தினம் 2 மணி நேரம் கட் என்றால் எங்கள் பக்கம் பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நாட்களில் வாங்கின 600 வி.ஏ. யு.பி.எஸ். வீட்டில் உண்டு, பேட்டரி மட்டும் மாற்றியிருக்கிறோம். அதன் நிஜ சக்தி 360 வாட். என் மெஷினுக்கு 337 தானே? இல்லை. அது எஸ்.எம்.பி.எஸ். உள்ளே தருகிற கணக்கு. பிரான்ஸ் என்றால் பாதி லோடில் 85 சதவீதம். மீதி சூடாகப் போய்விடும். 337-ஐ 0.85-ஆல் வகுத்தால் சுவரில் இருந்து இழுப்பது 396 வாட். யு.பி.எஸ். எப்படித் தாங்கும்?

1100 வி.ஏ. வாங்க மறுபடி காசு கேட்க மனசு வரவில்லை. அப்பாவே கேட்டார், "என்னடா கத்துது?" சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மோட்டார் ஆம்ப்ஸ் ஜாஸ்தி இழுத்தா டெலிவரி வால்வைக் கொஞ்சம் அடைப்போம். தண்ணி கொஞ்சம் குறையும், மோட்டார் தப்பிச்சுக்கும். உன் கார்டுல வால்வு இருக்கா?" என்றார்.

இருந்தது! கார்டின் டிரைவரோடு வருகிற கட்டளை ஒன்றில் பவர் லிமிட்டைக் குறைக்கலாம். 170-ஐ 110 ஆக்கினேன். மொத்தம் 277, சுவரில் 326. யு.பி.எஸ். 360-க்குள் அடங்கியது. 8 மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஒன்பது மணி நேரத்துக்குப் பக்கம் ஆகிறது, அவ்வளவுதான் நஷ்டம். இந்த லோடில் யு.பி.எஸ். சில நிமிஷம்தான் நிற்கும். அதனால் அவ்வப்போது சேமித்துக்கொள்ளும்படி புரோகிராமை மாற்றிவிட்டேன். கட் ஆனால் போன வேலை பத்து நிமிஷத்துக்குமேல் இல்லை.

காலேஜ் பஸ் பசுமலை தாண்டினால் பைக்காரா என்று ஒரு ஸ்டாப் வரும். நீலகிரியில் 1930-களில் ஓடத் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் பெயர். நாலு வருஷமாகக் கண்டக்டர் அந்தப் பெயரைக் கத்தும்போது ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது, எங்கிருந்தோ வருகிற கரண்ட், நடுவில் எத்தனை கை மாறி, எத்தனை இடத்தில் குறைந்து நம்ம டேபிளுக்கு வருகிறது என்று. கணக்குப் போடாமல் இழுப்பது நாம் மட்டும்தான்.

பிராஜெக்ட் முடிந்துவிட்டது. முதலில் படிக்கச் சொன்னது அப்பாவின் கடை பில் நோட்டை. பாதி எழுத்தைத் தப்பாகப் படித்தது. "எங்க டீச்சரும் அதான் சொன்னாங்க" என்றார் அப்பா.