கடல் கடந்த மடல்: கண்டியின் முழங்கையும் பேர்த்தின் அளவுகோலும்

பேர்த், மேற்கு அவுஸ்திரேலியா

எலும்பும் மூட்டும் தசையும் இணைந்து உடலை இயக்கும் விதத்தை விசையியல் விதிகளால் அளந்து அறியும் துறை உயிரியக்கவியல் எனப்படும். இந்நகரிலுள்ள மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அத்துறை அடைந்த வளர்ச்சியில், கண்டியில் 1972இல் பிறந்து புனித அந்தோனியார் கல்லூரியில் பந்துவீசிப் பழகிய இலங்கைக் கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் முழங்கைக்கும் ஓர் இடமுண்டு.

1995 டிசெம்பர் 26 அன்று மெல்பேர்ண் டெஸ்டில் நடுவர் டரல் ஹெயர் அவரது பந்துகளை எறிபந்துகள் எனக் கருதி, ஏழு முறை நோபோல் அறிவித்தார். ஆனால் வளைந்த கையோடு வீசுவதை விதி தடுக்கவில்லை. பந்து கையை விட்டு நீங்குவதற்குச் சற்றுமுன் முழங்கையை நிமிர்த்துவதையே அது தடுத்தது. பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கையுடன் தோளும் மணிக்கட்டும் விரைந்து சுழலும்போது, நிமிராத கையும் நிமிர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும் என்பதை 1996இல் இங்கும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நடந்த சோதனைகள் காட்டின.

2004இல், வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் அவரது ‘தூஸ்ரா’ பந்து ஐயத்துக்கு உள்ளானபோது, ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குறிகளைக் கையில் ஒட்டி, அவற்றின் இடப்பெயர்வை அதிவேகக் கமராக்களால் பதிந்து, மூட்டின் கோணத்தைக் கணிக்கும் முறையில் அது இங்கே அளக்கப்பட்டது. ஏறத்தாழ 14 பாகையாக இருந்த நிமிர்வு, திருத்தப் பயிற்சியின்பின் 10.2 பாகையாகக் குறைந்தது. சுழற்பந்துக்கு அன்றிருந்த எல்லை 5 பாகையே எனினும், குற்றமற்றவர் எனக் கருதப்பட்ட வேகப்பந்து வீச்சாளர் பலரின் முழங்கையும் தமக்குரிய எல்லையைத் தாண்டுவதை அதே கருவிகள் வெளிப்படுத்தியதால், 2005 மார்ச் முதல் அனைவருக்கும் 15 பாகை என்னும் பொது எல்லை நடைமுறைக்கு வந்தது.

2007 டிசெம்பர் 3 அன்று, கண்டி அஸ்கிரிய மைதானத்தில், 709ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன், அதிக டெஸ்ட் விக்கெட்டுகளுக்கான உலக சாதனை அவர் வசமானது. அந்த வெற்றிக்கு வித்திட்டது அவரது உழைப்பே. அவ்வுழைப்பின் மீது படிந்த பழியைத் துடைத்ததும், பிழையின் அளவைக் காட்டித் திருத்த வழி செய்ததும் அறிவியலாகும். உடலைக் கற்பிக்கும் மருத்துவ பீடமும் விசையைக் கற்பிக்கும் பொறியியல் பீடமும் கண்டியை அடுத்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒருங்கே இருக்க, மலையகத்தின் அடுத்த வீரர் தம் முழங்கையை அளக்கக் கடல் கடந்து செல்லவேண்டிய நிலை தொடரலாகாது.