நாயின் சொறியும் நமது பொறுமையும்

உலகத்தில் கேட்காமலே கிடைக்கக்கூடிய பொருள் ஒன்று உண்டென்றால் அது வைத்திய யோசனைதான். மனிதருக்கு வியாதி வந்தால் நாலு பேர் யோசனை சொல்வார்கள். நாய்க்கு வந்தாலோ தெரு முழுவதும் சொல்லும். மனிதன் மருந்தைக் குடித்துவிட்டு, "ஸ்வாமி, உமது மருந்து பலிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடக் கூடும். நாய் அப்படிச் சொல்லாது என்கிற தைரியம்!

நம் வீட்டு மணி, திருப்பாதிரிப்புலியூரில் நாம் குடியிருக்கும் தெருவிலேயே பிறந்த அசல் சுதேசி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று சொல்லிக்கொள்ளத் தக்க குலப்பெருமை ஒன்றும் அதற்குக் கிடையாது. 2005-ம் வருஷம் இந்தியத் தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது. மணியின் முன்னோர் அச்சமயம் கெடிலத்தங்கரையில் எச்சில் இலையை ஆராய்ந்து கொண்டிருந்திருப்பார்கள். ஆயினும் நம் குழந்தைகளுக்கு மணியைக் காட்டிலும் உயர்ந்த ஜாதி நாய் பூவுலகில் இல்லை.

மணிக்கு இரண்டு வயது நிரம்பிய ஐப்பசி மாதம், அடைமழையோடு அடைமழையாகச் சொறியும் ஆரம்பமாயிற்று. முதலில் முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்கியது. பிறகு அக்குளும் அடிவயிறும் சிவந்தன. காதுக்குள்ளிருந்து புளித்த மாவின் வாடை வந்தது. இரவு இரண்டு மணிக்குத் திண்ணையில் 'தட், தட்' என்று பின்னங்கால் தரையில் மோதும் ஓசை கேட்கும். கார்த்திகை பிறப்பதற்குள் ரோமம் திட்டுத் திட்டாக உதிர்ந்து, மணி பார்ப்பதற்கே பரிதாபமான கோலத்தை அடைந்தது.

யோசனைகள் வந்து குவிந்தன. மோட்டார் பட்டறையிலிருந்து பழைய என்ஜின் எண்ணெய் வாங்கிப் பூசும்படி ஒருவர் சொன்னார். மண்ணெண்ணெய்தான் கைகண்ட மருந்து என்றார் இன்னொருவர். இவற்றுக்கு நாம் இணங்கவில்லை. நாயின் தோலில் பூசியது எதுவும் தோலோடு நிற்பதில்லை. அடுத்த நிமிஷமே அது நாக்கின் வழியாக வயிற்றுக்குப் போய்விடுகிறது. என்ஜின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் புண்ணை எரிப்பதோடு, உள்ளே சென்று விஷமாகவும் முடியும்.

மூன்றாமவர் கொஞ்சம் விஞ்ஞானம் அறிந்தவர். "ஐவர்மெக்டின் ஊசி ஒன்று நாமே போட்டுவிடலாம், சார்" என்றார். அது உயர்ந்த மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஜப்பான் தேசத்து மண்ணிலிருந்து ஸதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது அது. அதன் பொருட்டு அவரும் வில்லியம் காம்ப்பெல்லும் 2015-ம் வருஷத்து நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் காலி முதலான சில ஜாதி நாய்களுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறையினால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து உயிருக்கே உலை வைத்துவிடும். எந்த நாயின் உடம்பில் எந்த ரத்தம் கலந்திருக்கிறதென்று வெளியிலிருந்து யார் கண்டது? வைத்தியர் அளந்து கொடுக்க வேண்டிய மருந்து அது.

நாலாவது யோசனைதான் நம் மனத்தைக் கலக்கியது. அண்டை வீட்டுக்காரரின் பெண் குழந்தைக்குக் கையில் அரிப்பு உண்டாயிற்று. அவர் ஒரு மாலை நம்மைத் தனியே அழைத்து, "சார், தப்பாக நினைக்காதீர்கள். ஒரு சாக்கில் கட்டி, பிச்சாவரம் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்றார். வாசற்படியில் நின்றிருந்த நம் மகள் இதைக் கேட்டுவிட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது சட்டப்படியும் குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்ய சபையில் வாதாடிய முயற்சியின் பலனாக 1960-ல் பிறந்த பிராணி வதைத் தடுப்புச் சட்டம் அவ்வாறு சொல்கிறது. ஆனால் அண்டை வீட்டுக்காரர் பயத்தையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. நாய்க்கு வரும் சொறிகளில் ஒரு வகை, கண்ணுக்குப் புலப்படாத சிறு பூச்சியால் உண்டாவது. அது மனிதர் மேல் தொற்றிக் கொஞ்ச காலம் அரிப்பு உண்டாக்கும். படர்தாமரையும் அப்படியே தொற்றும். ஒவ்வாமையோ ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆகவே, மணிக்கு வந்திருப்பது எது என்ற கேள்விக்கு விடை கண்டே தீரவேண்டியிருந்தது. மணி நம் வீட்டில் இருப்பதும் இல்லாததும் அந்த விடையைப் பொறுத்திருந்தது.

கால்நடை மருத்துவரான அம்மையார் மிகுந்த நிதானமுள்ளவர். தோலைச் சுரண்டி எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். பூச்சி அகப்படவில்லை. "அகப்படவில்லை என்பதால் இல்லையென்று ஆகிவிடாது, சார். ஒளிந்திருக்கும்" என்று சொல்லி, சொறிப்பூச்சிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்தே மாத்திரை கொடுத்தார். காதிலும் பாதத்திலும் ஒரு வகைக் காளானும் கிருமிகளும் மண்டியிருந்தன. அவற்றுக்கு மருந்தும், குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஷாம்புவும் எழுதிக் கொடுத்தார். "நுரையோடு பத்து நிமிஷம் ஊற விடுங்கள். நீங்கள் தேய்த்துக் குளிக்கும் சோப்பு நாயின் தோலுக்கு ஆகாது" என்றார்.

'அலர்ஜி' என்ற பதத்தை 1906-ல் படைத்தவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. நம் தமிழில் அதற்கு 'ஒவ்வாமை' என்று வழங்குகிறோம். மூலத்தைக் காட்டிலும் இது அழகான சொல் என்பது நம் அபிப்பிராயம். உலகத்தில் எல்லோருக்கும் ஒத்துப்போகிற சாதாரணப் பொருள் ஒன்று ஓர் உடம்புக்கு மட்டும் ஒவ்வவில்லை. அந்த உடம்பு அதைச் சத்துருவென்று எண்ணிப் போர் தொடுக்கிறது. போர்க்களமாவது சொந்தத் தோல்தான்.

நாய்களின் ஒவ்வாமைக்கு முக்கியமாக மூன்று காரணங்கள். முதலாவது தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர். ஒவ்வாத நாய்க்கு இரண்டொரு கடியே போதும். அரிப்பு பெரும்பாலும் வாலின் அடிப்பக்கத்தில் காணும். பூச்சி நாயின் மேல் தெரிவது கொஞ்சம்; அதன் முட்டையும் புழுவும் கூடும் வீட்டுச் சந்து பொந்துகளில் கிடக்கும். ஆகவே நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு வீட்டைப் பெருக்காமல் விட்டால் பிரயோஜனமில்லை. இரண்டாவது காரணம் ஆகாரம். மூன்றாவது, வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், பூஞ்சணம் ஆகியவை.

இவற்றில் எது என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் கண்டுவிடலாம் என்று நாம் எண்ணியிருந்தோம். அம்மையார் தலையை அசைத்தார். ஆகார ஒவ்வாமையை அறிய ரத்தப் பரிசோதனையை நம்புவதற்கில்லையாம். அந்த நாய் ஜன்மத்தில் தின்றறியாத ஆகாரத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழியாம்.

மணி தின்றறியாத ஆகாரம் எது? பால், தயிர், சோறு, பிஸ்கோத்து, முட்டை எல்லாம் அது அறிந்தவை. கடைசியில் மருத்துவர் தீர்ப்பளித்தார்: "மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்." மூன்று தலைமுறையாகச் சைவமாயிருக்கும் குடும்பத்துக்கு இடப்பட்ட கட்டளை இது! நம் மனைவி பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். நம் தாயார்தான் சமாதானம் செய்து வைத்தாள்: "பைரவருக்கு மருந்து என்று நினைத்துக்கொள்ளடா, தோஷமில்லை." கொல்லைப்புறத்தில் தனி அடுப்பும் தனிச் சட்டியும் வந்தன. கடலூர் முதுநகர் மீன்கடையில் முழிப்பதைப் பார்த்து மீன்காரம்மாள், "வாத்தியாரையாவா? யாருக்கு?" என்று கேட்டாள். முள் நீக்கிக் கொடுப்பதற்கு அவள் தனியாகக் காசு வாங்கவில்லை.

நம் மகள் ஒரு நாட்காட்டியில் தினந்தோறும் அரிப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு வந்தாள். மார்க்குக் குறையக் குறைய எல்லோரும் சந்தோஷப்பட்ட பரீட்சையை நம் இருபது வருஷ உபாத்தியாயத்தில் இது ஒன்றுதான் பார்த்தோம். கிருமி மருந்தினால் எட்டு, ஆறாயிற்று. அண்டை வீட்டுக் குழந்தையின் அரிப்பும் தோல் வைத்தியரின் களிம்பில் மறைந்தது; புதுச் சோப்பின் கோளாறு என்று அந்த வைத்தியர் சொன்னாராம்.

ஆறாவது வாரத்தில் ஆருத்ரா தரிசனம் வந்தது. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்கு அருகிலிருக்கும் தமக்கையார் வீட்டுக்கு, மணியையும் அதன் மீன் தூக்கையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். திருவாதிரைக் களி செய்யும் வீட்டில் மீன் தூக்கு! தமக்கையார் தூக்கைத் தோட்டத்து மரக்கிளையில் மாட்டினார். "தம்பி, வாயில்லாத ஜீவன், ஒரு வாய் களி தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று மட்டும் பத்துத் தடவை கேட்டார். அந்த ஒரு வாயில் இருக்கும் நெய், எட்டு வாரப் பரீட்சையை முதலிலிருந்து எழுத வைத்துவிடக் கூடும் என்று பத்துத் தடவையும் விளக்கினோம். சம்பா சாதத்தோடு வைத்த கொத்சுவைப் பற்றி இன்னும் கண்டிப்பாயிருந்தோம். அதில் விழும் வெங்காயம் எந்த நாய்க்குமே விஷம். நம் மகள் இரண்டு நாளும் மணியின் சங்கிலியைக் கையை விட்டு விடவில்லை. வீதியில் தேர் நகர்ந்தபோதும் மணியோடு திண்ணையிலேயே இருந்துவிட்டாள்.

எட்டு வாரம் முடிந்தது. மார்க்கு ஆறிலிருந்து அசையவில்லை. தயிர் சாதத்துக்குத் திரும்பியும் ஏறவில்லை. ஆகவே ஆகாரம் நிரபராதி என்று விடுதலையாயிற்று. பூச்சியும் ஏற்கெனவே விடுதலை. மிஞ்சிய குற்றவாளி நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றும் தூசியுமே. வீட்டுத் தூசியின் நுண்பூச்சிக்கு ஈரக்காற்று அமிர்தம். கடலூரில் அதற்கு என்ன குறைவு? இவ்வகை ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும் என்று மருத்துவர் சொன்னார். அடியோடு தீராது என்றும், அடக்கி வைக்கலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அடக்குவதற்குப் பழைய ஆயுதம் ஸ்டீராய்டு. அது விரைவில் கேட்கும். ஆனால் நெடுநாள் கொடுத்தால் தாகமும் பசியும் மிகுந்து வேறு உபத்திரவங்கள் பின்தொடரும். 2013-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஓக்லாசிடினிப் என்ற மாத்திரை, அரிப்பென்ற செய்தி நரம்புக்கு எட்டுவதையே தடுக்கிறது. ஒரு வயது நிரம்பாத நாய்க்கு அது கூடாது. மணிக்கு அதைக் கொடுத்த மறுநாளே இரவில் 'தட், தட்' ஓசை நின்றது. வாரம் முடிவதற்குள் நாட்காட்டியில் 'இரண்டு' என்று பார்த்தோம். விலை, உபாத்தியாயர் சம்பளத்துக்குக் கனமானதுதான். மழைக்காலத்தில் மட்டும் தினம் கொடுத்து, மற்ற மாதங்களில் மருத்துவர் சொற்படி குறைத்துச் சமாளிக்கிறோம்.

மீதியெல்லாம் கைவேலை. உலாவி வந்ததும் ஈரத்துணியால் பாதம் துடைக்கிறோம். வாரம் ஒரு முறை ஷாம்புக் குளியல். படுக்கைத் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுகிறோம். மாதந்தோறும் தெள்ளுப்பூச்சி மருந்து தவறுவதில்லை. அரிப்புள்ள நாய்க்கு ஒரு பூச்சிக்கடியும் அதிகம்.

இதே தொல்லையில் உள்ள நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சொற்பம். கேட்காமல் வரும் யோசனைகளை வணக்கத்துடன் வாங்கி வைத்துவிட்டு, நல்ல மருத்துவரிடம் போங்கள். உள்ளூரில் வழி தெரியாவிட்டால், சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடந்து வரும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்தாருக்குப் புதுச்சேரிக் கல்லூரி இன்னும் அருகில். முதல் மருந்தில் குணமாகவில்லையென்று மருத்துவரை மாற்றிக் கொண்டேயிராதீர்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதுதான் இந்த வியாதியைக் கண்டுபிடிக்கும் முறை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

மணிக்கு இப்போது ஐந்து வயது. ரோமம் முழுதும் வளர்ந்துவிட்டது. ஐப்பசி பிறந்தால் மகள் பழையபடி நாட்காட்டியை எடுத்து வைக்கிறாள். பிச்சாவரம் போகச் சொன்ன அண்டை வீட்டுக்காரர் சென்ற மாதம் ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார். அது சொறிந்துகொள்கிறதாம். நம்மிடம் யோசனை கேட்க வந்தார்.