தங்கம் பட்டால் கறை போகுமா?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறதே, அங்கே பஸ் நின்றுவிட்டால் முன்பின் தெரியாதவர்கள்கூட அரை மணியில் உறவினராகிவிடுவார்கள். சென்ற மாதம் இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து எங்கள் பஸ் நின்றபோது, பக்கத்து ஆசனத்தில் ஓர் அம்மாளும் கல்லூரியில் படிக்கும் அவருடைய அண்ணன் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஊக்க மருந்துல மாட்டின பொண்ணு, தடை முடிஞ்சா மறுபடியும் ஓடலாமா கண்ணு?"

"ஓடலாம் அத்தை. சட்டம் அப்படித்தான்."

"சட்டம் விட்டுடும். ஊரு விடுமா?"

நல்ல கேள்வி! அதை உங்களிடமும் கேட்கிறேன்.

திருச்சிக்கு அருகிலுள்ள முடிகண்டத்துப் பெண் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் தோஹாவில், ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓடித் தங்கம் வென்றார். உடனே அவர் எல்லோருக்கும் 'நம் வீட்டுப் பெண்' ஆனார். அடுத்த மாதமே ஊக்க மருந்துப் பரிசோதனைச் செய்தி வந்தது. தாம் அப்படி எதுவும் உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். ஆயினும் பதக்கம் போயிற்று. நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. அந்தத் தடை 2023 மே மாதம் முடிந்தது. அன்று நம்மில் எத்தனை பேர் அவரை நினைத்துக்கொண்டோம்?

இன்னொரு கதை. 2011-ல் நம் ரிலே ஓட்டப் பெண்கள் பலர் ஒரே சமயத்தில் பிடிபட்டார்கள். பயிற்சியாளர் கொடுத்த சத்து மாத்திரைதான் காரணம் என்றார்கள். யார் கொடுத்தாலும் சரி, உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடியவருக்கே என்பது விதி. அவர்களில் மந்தீப் கௌரும் பிரியங்கா பன்வாரும் தடை முடிந்து திரும்பினார்கள். 2014-ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ரிலே அணியில் இருவரும் இருந்தார்கள். நாமும் கை தட்டினோம். 2016-ல் பிரியங்கா மறுபடியும் பிடிபட்டார். இம்முறை தடை எட்டு ஆண்டு.

லண்டன் ரசிகர்கள் வேறு ரகம். இருமுறை தடை பெற்ற ஜஸ்டின் காட்லின், 2017-ல் அங்கே 100 மீட்டர் உலகப் பட்டம் வென்றபோது அரங்கமே கூச்சலிட்டது. தோற்றுப்போன உசைன் போல்ட்தான் அவரைத் தழுவிக்கொண்டார்.

கோபம் நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. தோஹாவில் இரண்டாவதாக வந்த சீனத்து வாங் சுன்யூவை நினைத்துப் பாருங்கள். தங்கத்தைப் பிறகு கொடுத்துவிடலாம்; வெற்றி மேடையில் தம் நாட்டுக் கீதம் கேட்டிருக்க வேண்டிய அந்த நிமிஷத்தை யார் கொடுப்பது? ஆகவே தண்டனை வேண்டியதுதான். திரும்பி வருபவரைச் சோதித்துக்கொண்டே இருப்பதும் அவசியந்தான்.

ஆனால் தண்டனைக்கு ஒரு கணக்கு உண்டல்லவா? அது தீர்ந்த பிறகு நாமாக வட்டி போடலாமா? பதக்கம் வாங்கி வந்தால் வட்டியைத் தள்ளிவிடுகிறோம்; வெறுங்கையோடு வந்தால் முதலையும் சேர்த்துக் கேட்கிறோம். இது தராசே அல்ல, அம்மா!

தடை முடிந்து வந்த ஒரு பெண் கடைசியாக ஓடி வரும்போதும், அவளுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு என்று நம்மால் நினைக்க முடிகிறதா? முடிந்தால்தான் அது மன்னிப்பு.